ஏ.ஆர்.டி. மாத்திரை போடுகிறவர் மனச்சோர்வுக்கு எங்கே போவது? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

“மாத்திரை ஒரு நாள் விடாம போடுறேன். வைரல் லோடும், அதான் ரத்தத்துல கிருமி அளவு, குறைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா விடியிற வரைக்கும் தூக்கமில்ல. இதை யாருகிட்டப் போய்ச் சொல்றது?”

எச்.ஐ.வி. கிருமியை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையோடு வாழ்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவருக்கு ஆறு வழிகள் உண்டு: ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகர், அரசு மருத்துவமனையின் மனநல ஓ.பி., 14416 என்ற மனநல உதவித் தொலைபேசி, தனியார் மனநல மருத்துவர், மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை, தொற்றுள்ளோர் கூட்டமைப்பு. ஆறும் நல்லவைதான். ஆளைப் பார்த்துத்தான் எது பொருந்தும் என்று சொல்ல முடியும்.

## போகுமுன் ஒரு வடிகட்டல்

எச்.ஐ.வி. உள்ளவருக்கு மனம் கலங்குவதெல்லாம் மனநோய் அல்ல. கடும் தலைவலியோடு காய்ச்சல், குழப்பமான பேச்சு, கழுத்து விறைப்பு, முதல் முறையாக வலிப்பு, கை கால் ஒரு பக்கம் வலுவிழப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும், அதுவும் சிடி4 எண்ணிக்கை (நோய் எதிர்ப்பு அணுக்களின் கணக்கு) 200-க்குக் கீழே இருந்தால், மனநல மருத்துவரைத் தேடிக்கொண்டு இருக்கக் கூடாது. அது காசநோய் மூளைக்காய்ச்சலாகவோ, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைத் தொற்றாகவோ இருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். “பேய் பிடிச்சிருக்கு”, “செய்வினை” என்று மூன்று நாள் அலைந்துவிட்டு வந்தால் அந்த மூன்று நாளில் போனது திரும்பாது.

அடுத்தது மாத்திரை. இப்போது பெரும்பாலோர் எடுப்பது டி.எல்.டி. என்கிற ஒற்றை மாத்திரை: டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர். டொலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். இரவில் போட்டுவந்தவர் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றினாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முன்பு கொடுத்துவந்த டி.எல்.இ. மாத்திரையில் இருந்த எஃபாவிரென்ஸ் கெட்ட கனவு, தலைசுற்றல், மனச்சோர்வு என மூன்றையும் கொடுக்கும். இன்னும் அதிலேயே இருப்பவர் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். காசநோய்த் தடுப்புக்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் அரிதாகப் புத்தித் தடுமாற்றத்தை உண்டாக்கும், வழக்கமான மருந்துக்கு அடங்காத எம்.டி.ஆர். காசநோய்க்கான சைக்ளோசெரின் இன்னும் அதிகமாக. எதையும் தானாக நிறுத்தக் கூடாது. மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு இந்த மூன்றும் மனச்சோர்வு மாதிரியே நடிக்கும். ஒரே ஊசிக் குத்தில் எடுக்கும் ரத்தத்தில் மூன்றையும் பார்த்துவிடலாம்.

இவையெல்லாம் இல்லை என்றான பிறகு, பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் ஒரு நல்ல தராசு. கடந்த இரண்டு வாரத்தில் சோர்வு, தூக்கம், பசி, ஆர்வக் குறைவு போன்றவை எத்தனை நாள் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவது. மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். இருபதோ அதற்கு மேலோ வந்தால் தள்ளிப்போடக் கூடாது. ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணம். அதில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் மொத்தக் கணக்கைப் பார்க்காமல் அன்றைக்கே பேச வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள். உங்கள் தொற்று நிலை யாருக்குத் தெரியவரும்? மாத்திரை எழுதுகிறவருக்கு ஏ.ஆர்.டி. பற்றித் தெரியுமா? ஒரு தடவை போய்வர மொத்தம் என்ன ஆகும், அதாவது பஸ், கூலி இழப்பு, கூட வருகிறவர் கேட்கும் கேள்வி எல்லாம் சேர்த்து? எத்தனை நாளில் பார்க்க முடியும்? ஆறு மாதம், ஒரு வருடம் தொடர முடியுமா?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வந்து, “இது ஒத்துக்கல” என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். அதனால் ஒரே ஒரு தடவை போய்ப் பெரிய டாக்டரைப் பார்ப்பதைவிட, பன்னிரண்டு தடவை போகக்கூடிய இடத்தில் சாதாரண டாக்டரைப் பார்ப்பது மேல்.

## ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகர்

இங்கே புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நிலை ஏற்கெனவே தெரியும். உங்கள் சிகிச்சைப் பதிவு அங்கேதான் இருக்கிறது. சிடி4, வைரல் லோடு, காசநோய் விவரம் எல்லாம் அதில் இருக்கும். செலவு இல்லை. மாத்திரை வாங்கப் போகும் நாளிலேயே பேசலாம்.

ஆலோசகர் மாத்திரை எழுத மாட்டார். கேட்பார், பட்டியல் போட்டுப் பார்ப்பார், மனநல ஓ.பி.க்குச் சீட்டு எழுதுவார். அதுவே பெரிய வேலை. இதன் குறை நேரம்தான். கூட்ட நாளில் உங்கள் முறைக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம், அதிலும் “மாத்திரை விட்டீங்களா?” என்பதிலேயே மூன்று நிமிடம் போய்விடும். “தனியா பத்து நிமிஷம் பேசணும், எந்த நாள் கூட்டம் குறைவு?” என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்குச் சேர்த்து மாத்திரை வாங்குகிறவர்களுக்கு அதுவே ஒரு பாதகம்: நடுவில் சோர்வு வந்தால் பார்க்க ஆள் இல்லை. மாத்திரை தேதி இல்லாத நாளிலும் ஆலோசகரைப் பார்க்கப் போகலாம். இது பலருக்குத் தெரியாது.

தாலுகா மருத்துவமனையில் உள்ள லிங்க் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்குகிறவருக்கு இது இன்னும் சன்னமாகும். அங்கே வேலை மாத்திரை கொடுப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மனசு விஷயத்துக்காவது ஒரு முறை பெரிய மையத்துக்கு வருவது நல்லது.

## அரசு மனநல ஓ.பி.

இரண்டு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு: தருமபுரியில் கல்லூரி 2008-இலும், கிருஷ்ணகிரியில் 2022-இலும் தொடங்கப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் போகும். அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கம் இருப்பவர்கள் அந்த நாளை அங்குள்ள நர்ஸிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால் பாதிப் பயணம் மிச்சம். டவுன் பஸ் ஓடும் தூரத்தில் இருக்கும் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை.

மாத்திரை இலவசம், தொடர்ச்சி உண்டு. ஆலோசகர் சீட்டோடு போனால் மருத்துவருக்கு நீங்கள் என்ன ஏ.ஆர்.டி. எடுக்கிறீர்கள் என்பது கையில் இருக்கும். எங்கள் கருத்தில் இந்த இரண்டு மாவட்டங்களில் பெரும்பாலோருக்கு இதுவே முதல் தேர்வு.

இதில் மறைந்திருக்கும் செலவு கூலி. மனநல ஓ.பி. ஒரு நாள், ஏ.ஆர்.டி. இன்னொரு நாள் என்றால் மாதம் இரண்டு நாள் வேலை போச்சு. இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தால் ஒரே நாளாக்கலாம். வரிசை முக்கியம்: ஓ.பி. சீட்டு காலையிலேயே மூடிவிடுவார்கள், அதனால் முதலில் அதை வாங்கி மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு, பிறகு ஏ.ஆர்.டி. பக்கம் போக வேண்டும். மாற்றிச் செய்தால் மனநல ஓ.பி. அடுத்த வாரத்துக்குப் போய்விடும்.

இன்னொரு செலவு கண்கள். “மண்டைக்கு மாத்திரை வாங்குற எடத்துல உன்னப் பாத்தேன்” என்று ஊரில் யாராவது சொல்வார்கள் என்ற பயம், ஏ.ஆர்.டி. வரிசையில் நிற்கும் பயத்துக்குக் குறைந்ததல்ல. தூக்கமில்லாததற்கும் தலைவலிக்கும் கூட அங்கேதான் அனுப்புகிறார்கள் என்ற பதில் பலருக்குக் கை கொடுக்கிறது. அது பொய்யும் இல்லை.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதனால் இந்தப் பக்கத்தில் அந்தப் பணியாளர்களின் பரிச்சயம் அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீடு வருகிறதே, ஏ.ஆர்.டி.யும் வந்துவிடும், வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏ.ஆர்.டி. அந்தப் பையில் வராது. மையத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டும்.

## 14416

டெலி மானஸ் என்ற இந்தத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இரவு இரண்டு மணி முழிப்புக்கு இதைவிடப் பக்கத்தில் எதுவும் இல்லை.

சிக்கல் எங்கே நின்று பேசுவது என்பதில். இரண்டு அறை வீட்டில் பேச முடியாது. மோட்டார் கொட்டகை, மொட்டை மாடி, காலியான கோயில் திண்ணை என்று ஓர் இடம் முன்னாலேயே பார்த்துவைக்க வேண்டும். அஞ்செட்டி, சித்தேரி மலைப்பக்கம் சிக்னல் எங்கே நிற்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒரே போன் என்றால் பேசிய எண்ணை அழித்துவிடலாம். மாத்திரை தொடர வேண்டியவருக்கு இது மட்டும் போதாது. மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை தாக்குப்பிடிக்க இது போதும். எச்.ஐ.வி. தொடர்பான கேள்விக்கு எண் வேறு: 1097.

## தனியார் மருத்துவர்

ஓசூரிலோ சேலத்திலோ சாயங்காலம் பார்க்கலாம், கூலி போகாது, வரிசையில் ஊர்க்காரர் இருக்க மாட்டார். ஷிப்ட் போகிறவருக்கு இது பெரிய விஷயம். கட்டணம் ஒன்றுதான் செலவு என்று நினைப்பது தவறு. உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது: அங்கே போகிறவர்களில் பலர் எச்.ஐ.வி.யைச் சொல்வதில்லை.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது கீழே. சொன்னால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது, உங்கள் ஒப்புதல் இல்லாமல் நிலையை வெளியில் சொல்லக் கூடாது. மறுத்தால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். ஆனால் மருத்துவரின் வாய்க்குச் சட்டம் பூட்டுப் போட்டாலும், வரவேற்பில் உட்கார்ந்து பெயர் கூப்பிடும் பையனின் வாய்க்குத் தானாகப் பூட்டு விழாது. அதனால் மருத்துவரிடம் மட்டும், கதவு மூடிய பிறகு, “சீட்டில் நோய்ப் பெயரை எழுத வேண்டாம், மருந்துப் பெயரை மட்டும் எழுதுங்க” என்று கேட்கலாம்.

மனநல மருந்தும் ஏ.ஆர்.டி.யும் மோதும் இடங்கள் (செகண்ட் லைன் என்பது முதல் ஏ.ஆர்.டி. பலிக்காதபோது மாற்றிக் கொடுப்பது):

| மருந்து | டி.எல்.டி. எடுப்பவருக்கு | ரிட்டோனாவிர் சேர்ந்த செகண்ட் லைன் எடுப்பவருக்கு |
|---|---|---|
| எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் | பெரிய மோதல் இல்லை | மருத்துவர் அளவைச் சரிபார்க்க வேண்டும், ஈ.சி.ஜி. கேட்கலாம் |
| கார்பமசெபின் | டொலுடெக்ராவிர் அளவு ரத்தத்தில் குறையும். தவிர்க்க வேண்டும், முடியாவிட்டால் 12 மணி கழித்து இன்னொரு 50 மி.கி. டொலுடெக்ராவிர் | ஏ.ஆர்.டி. வலுவிழக்கும், தவிர்ப்பதே சரி |
| லித்தியம் | டெனோஃபோவிரோடு சேர்ந்து சிறுநீரகத்தைத் தொடும். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும் | டெனோஃபோவிர் இருந்தால் அதேதான் |
| குவெடியபின் | பொதுவாகப் பிரச்சினை இல்லை | அளவு பல மடங்கு ஏறும். தவிர்க்க வேண்டும், அல்லது ஆறில் ஒரு பங்கு |
| அல்பிரசோலம் | மோதல் இல்லை, பழக்கமாகும் ஆபத்து உண்டு | மயக்கம் கூடும் |
| ஓலன்சபின் | இதுவும் டொலுடெக்ராவிரும் எடையைக் கூட்டும். எடை, சர்க்கரை பார்த்துவர வேண்டும் | எடை, சர்க்கரையோடு கொழுப்பும் |

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சேர்ந்தால் கணக்கு மறுபடி மாறும்: டொலுடெக்ராவிர் 12 மணி இடைவெளியில் இரண்டாவது வேளையும் தேவைப்படும், மனநல மருந்துகள் சிலவும் வலுவிழக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் டி.எல்.டி.யோடு நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. “டல்லா இருக்கு” என்று கடையில் கேட்டால் கொடுக்கும் இரும்பு, கால்சியம் சத்து மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் வகை மருந்தும் டொலுடெக்ராவிரைக் குடலிலேயே கட்டிப்போடும். டி.எல்.டி.யை அவற்றுக்கு 2 மணி முன்போ 6 மணி பின்போ போட வேண்டும்.

இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் “எனக்கு வேற மாத்திரை எதுவும் இல்ல டாக்டர்” என்று சொன்னவருக்கு உதவாது. மனசுக்குக் கார்பமசெபின் போட்டு, வைரல் லோடு ஏறி, ஏ.ஆர்.டி. மையத்தில் “மாத்திரை ஒழுங்காப் போடலியா?” என்று திட்டு வாங்கி, அதில் இன்னும் சோர்ந்துபோவது, மறைத்தவர் கொடுக்கும் விலை.

தனியாரின் இன்னொரு பொறி பழைய சீட்டு. தூக்கத்துக்கு இரண்டு வாரம் என்று எழுதிய குளோனசெபாமை அதே சீட்டை நீட்டி எட்டு மாதம் வாங்குவார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மருந்துச் செலவு மட்டும் கவலை என்றால், எஸ்சிடலோபிராம் போன்றவை மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் மலிவாகக் கிடைக்கின்றனவா என்று கேட்டுப் பார்க்கலாம். சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதச் சொன்னால் வேலை சுலபம்.

## நிம்ஹான்ஸ்

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 40 கி.மீ. நிம்ஹான்ஸ் இருப்பதும் ஓசூர் ரோட்டிலேயே. தேன்கனிக்கோட்டைக்காரருக்குத் தருமபுரியைவிட அது பக்கம். மனநலமும் நரம்பியலும் ஒரே வளாகத்தில் இருப்பதால் மறதி கூடிக்கொண்டே போகிறவர், வலிப்பு வந்தவர், மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு குணம் மாறிப்போனவர், குரல் கேட்கிறது என்கிறவர் ஆகியோருக்கு இதுதான் சரியான இடம். தெரிந்த முகமும் இருக்காது.

சாதாரண மனச்சோர்வுக்கு அங்கே போவது வீண் அலைச்சல். முதல் நாள் பதிவு, பரிசோதனை என்று முழு நாள் போகும். விடியற்காலையில் கிளம்ப வேண்டும். எழுதித் தரும் மருந்து ஊரிலுள்ள அரசு மருத்துவமனையில் இல்லாமல் போகலாம். நன்றாகச் செய்கிறவர்கள் இப்படிச் செய்வார்கள்: ஒரு முறை அங்கே போய் நோயை உறுதிசெய்துகொண்டு, “எங்க ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில கிடைக்கிற மருந்தா எழுதிக் குடுங்க” என்று கேட்டு, சுருக்கக் குறிப்பை வாங்கிவந்து மாவட்ட மனநல ஓ.பி.யில் தொடர்வார்கள்.

பெங்களூரில் கட்டட வேலையில் மாதக்கணக்கில் தங்குகிறவர் ஏ.ஆர்.டி.யையே அங்குள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆலோசகரிடம் சொல்லி மாற்றுச் சீட்டு வாங்க வேண்டும். சொல்லாமல் போனால் இங்கே “வராதவர்” கணக்கில் விழுந்து, வீட்டுக்குத் தேடி வருவார்கள்.

## கூட்டமைப்பு

தொற்றுள்ளோர் தாங்களே நடத்தும் அமைப்புகள் தமிழ்நாட்டில் தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டன. புதிதாகத் தொற்று தெரிந்தவருக்கு, அதே நோயோடு பதினைந்து வருடம் வாழ்ந்து பிள்ளைக்குக் கல்யாணம் செய்த ஒருவரைப் பார்ப்பது எந்த மாத்திரையும் தராததைத் தரும். புருஷன் செத்த பிறகு சொத்தில் பங்கு மறுக்கப்படும் பெண்ணுக்கு யாரிடம் மனு கொடுப்பது என்பதும் இவர்களுக்குத்தான் தெரியும்.

சின்ன மாவட்டம் என்பதே இதன் குறை. ஒருவரைத் தெரிந்தால் எல்லோரையும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். குழுவில் உள்ள எல்லோருக்கும் உங்கள் எண் தெரியும். சேர்ந்தாலும் முகப்புப் படத்தை எடுத்துவிடுங்கள். பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி செட்டிங்கை மாற்றுங்கள். சாவு எண்ணம், குரல் கேட்பது, குடியை நிறுத்தியதும் கை நடுங்குவது, இவை மூன்றுக்கும் கூட்டமைப்பு போதாது, மருத்துவர் வேண்டும்.

## யாருக்கு எது

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் போகிறவர், மற்றபடி திடமாக இருப்பவர்: சாயங்காலத் தனியார், ஆனால் எச்.ஐ.வி.யைச் சொல்லிவிட்டு. சொல்ல மனசு வரவில்லை என்றால் தனியாருக்குப் போகவே கூடாது.

பென்னாகரம் பக்கம் கூலிக்குப் போகும் பெண்: ஆலோசகர் சீட்டு, ஏ.ஆர்.டி. நாளிலேயே மனநல ஓ.பி., இடையில் 14416.

மாதத்தில் இருபது நாள் நெடுஞ்சாலையில் இருக்கும் லாரி ஓட்டுநர்: அரசு ஓ.பி.யில் மருந்து, ஒரு மாதத்துக்குச் சேர்த்து. தூக்கம் வரவைக்கும் மருந்தை ஸ்டியரிங் பிடிக்கும் நாளில் போடக் கூடாது என்பதால், ஓட்டுநர் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்துபோகிறவர்: ஒப்பீடெல்லாம் அப்புறம். 14416-ஐக் கூப்பிட்டுவிட்டு, பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஒருவரோடு போக வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. தோட்டத்து மருந்தையும் எலி மருந்தையும் அன்றே வீட்டை விட்டு எடுத்து இன்னொருவர் பூட்டில் வைக்க வேண்டும். மனநல மாத்திரையையும் ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து அவர் கையில் கொடுக்கக் கூடாது. டி.எல்.டி. டப்பாவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். வேளைக்கு ஒன்றாக யாராவது எடுத்துக் கொடுத்து, விழுங்கும் வரை பக்கத்தில் உட்கார வேண்டும்.